ஐந்தாவது விடுமுறை

போன வாரம் கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் மூன்று, சாம்பாரைத் தொடவே இல்லை. "அமுதா என்கிற பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லையே, நீங்கள் இந்துவா, கிறிஸ்தவரா?" என்று கேட்டிருந்தன. ஒருவர், நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறேன் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

இந்தக் கேள்விக்கும் எனக்கும் பழைய பகை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் சீட் தொழிற்சாலையில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தபோது தொடங்கியது. சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம், பகல் மூன்று மணி. பயிற்சி அறையில் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பக்கெட் வைத்திருந்தார்கள். மேசையில் ஆறிப்போன மசால் வடை. கதவிடுக்கு வழியாக ஃபோம் ஒட்டும் பசையின் நெடி வந்துகொண்டிருந்தது. நான் வெள்ளைப் பலகையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன அசட்டு வாக்கியங்களுக்குப் பட்டியல் போட்டால் இது முதல் பக்கத்தில் வரும்.

ஐந்து நாள் சட்டம்

தொழிற்சாலைக்குள் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும் தேசிய விடுமுறைகள். அவற்றில் யாரும் கை வைக்க முடியாது. அதற்கு மேல் ஐந்து பண்டிகை விடுமுறை. எந்த ஐந்து என்பதை நிர்வாகமும் தொழிலாளர்களும் கலந்து பேசி, வருஷம் பிறப்பதற்குள் பட்டியல் போட்டு அரசு ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும்.

சட்டசபையில் நடப்பதை டிவியில் பார்த்துவிட்டு நாம் திட்டுகிறோம். ஐந்து நாளுக்குச் சட்டம் போட ஐந்து பேரை ஓர் அறையில் உட்கார வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

எங்கள் பட்டியல் பல வருஷமாக மாறியதே இல்லை. பொங்கல், மாட்டுப் பொங்கல், தமிழ் வருஷப் பிறப்பு, ஆயுத பூஜை, தீபாவளி. ரம்ஜானும் கிறிஸ்துமஸும் வந்தால் அவரவர் சி.எல். எனும் சொந்த விடுப்பைப் போட்டுக்கொள்வார்கள், அல்லது போடாமல் வேலைக்கு வருவார்கள். இதில் ஏதோ கோணலாக இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. என்னை நானே மதச்சார்பற்றவள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷம் தொழிலாளர் தரப்பில் மூன்று பேர். ஃபோம் வெட்டும் பிரிவிலிருந்து ஏகாம்பரம். வல்லம் வடகால் பக்கத்து ஆள், ஐம்பதை நெருங்கியவர், எந்தக் கூட்டத்திலும் முதல் குரல் அவருடையது. தையல் லைனிலிருந்து ஜெபராணி. சாத்தான்குளம் பக்கத்துப் பெண், இருபத்து நான்கு வயது, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். தரப் பரிசோதனை மேசையிலிருந்து ஷமீமா. ராமநாதபுரத்துக்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய். வேறு யாரும் வர மாட்டேன் என்றதால் வந்தவர். நிர்வாகத்தின் பக்கம் எங்கள் மேனேஜரும் நானும்.

மேனேஜர் மார்க்கரை எடுத்துப் பழைய ஐந்தையும் தானே எழுதிவிட்டார். ஜெபராணி கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவதுபோல.

"சார், கிறிஸ்துமஸ எழுதலியே?"

"அதான் சி.எல். போட்டுக்கிறீங்களேம்மா."

"தீவாளிக்கு யாரும் சி.எல். போடலயே சார். எங்க லைன்ல முக்காவாசி பிள்ளைய சர்ச்சுக்குப் போறவதான். அதைத்தான் கேக்கேன்."

மேனேஜர் மார்க்கரைக் கீழே வைத்தார். பக்கெட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

எதை எடுக்கலாம்?

கேள்வி நியாயமானது என்று மேனேஜரே ஒப்புக்கொண்டார். "ஆனா ஐந்துதான். ஆறு கிடையாது. எந்த மதத்துக்கும் நான் எதிரி இல்ல. புரொடக்‌ஷனுக்கு எது எதிரியோ அதுக்கு நான் எதிரி. எதை எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க."

பொங்கலை எடுக்க முடியாது. மாட்டுப் பொங்கலை எடுத்தால் தெற்கத்திப் பிள்ளைகள் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. தீபாவளியையும் வருஷப் பிறப்பையும் பற்றிப் பேச்சே இல்லை.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "ஆயுத பூஜையை எடுத்துடலாமே. எப்படியும் முதல் நாளே மெஷினுக்கெல்லாம் பூஜை போட்டுப் பொரி கொடுத்துடறோம். மறுநாள் சும்மா வீட்டுலதான இருக்கீங்க?"

ஏகாம்பரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா மேடம் பேசறீங்க? மெஷினுக்குப் பூச போடறது மதமா? நம்ம கத்தி, நம்ம மெஷினு, அதுக்கு ஒரு நாளு. ஜெபராணியே வந்து பொரி துன்னுச்சா இல்லியா, கேளுங்க."

"தின்னேன் அண்ணாச்சி. இல்லன்னு சொல்லலியே" என்றாள் ஜெபராணி. "ஆயுத பூசைய எடுக்கச் சொல்லி நான் கேக்கவே இல்ல. மேடம்தான் சொல்லுதாங்க."

ஆக மொத்தத்தில் அந்த அறையில் குற்றவாளி நான் ஒருத்திதான். கூட்டம் ஒரு வாரம் தள்ளி வைக்கப்பட்டது. மசால் வடையை யாரும் தொடவில்லை.

நெற்றியைச் சுற்றி ஒரு வட்டம்

மறுநாள் காலை ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில் என் படம் வந்தது. பலகைக்கு முன்னால் நான் நிற்கும் படம், யாரோ கூட்டத்துக்கு முன்பு கதவருகே நின்று எடுத்தது. என் நெற்றியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். கீழே ஒரு வரி: 'பொட்டு எங்கே? ஆயுத பூஜையை எடுக்கச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறதா?'

நான் பொட்டு வைப்பதில்லை. ஸ்டிக்கர் பசை எனக்கு ஒத்துக்கொள்ளாது, தடித்துச் சிவந்துவிடும். குங்குமமும் அப்படியே. காரணம் அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கிருத்திகைக்கு முருகன் கோவிலுக்குப் போகிறவர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை நானும் கூடப் போவேன், பெரும்பாலும் அங்கே கிடைக்கும் புளியோதரைக்காக.

மத்தியானத்துக்குள் நான் முழுக் கிறிஸ்தவளாகிவிட்டேன். என் கணவர் பாஸ்டர் என்று கேன்டீனில் ஒருவர் உறுதியாகச் சொன்னாராம். மறைமலை நகரில் மின்சார வாரியத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர், பாவம். ஜெபராணியை நான்தான் தூண்டிவிட்டேன் என்றார்கள். அவளுடைய பையில் யாரோ விபூதிப் பொட்டலத்தைப் போட்டிருந்தார்கள். "நல்லவேள, பாம்பப் போடல" என்று அவள் சிரித்தாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் காலை நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஃபேன்சி கடை உண்டு. அங்கே இறங்கி ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கினேன். கடைக்காரருடைய கண்ணாடியைப் பார்த்தே வைத்துக்கொண்டேன். நடுத்தர அளவு, மெரூன்.

செக்யூரிட்டி என் நெற்றியைப் பார்த்துவிட்டு வணக்கம் சொன்னார். அது அவர் வழக்கமாகச் சொல்வதைவிடச் சற்றுப் பெரிய வணக்கம். கேன்டீனில் இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது. அந்தச் சுலபம் என்னைக் கூசவைத்திருக்க வேண்டும். கூசவில்லை, நிம்மதியாக இருந்தது.

பத்து மணிக்குத் தையல் லைன் வழியாகப் போனேன். ஜெபராணி சீட் உறையின் ஓரத்தை மடக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மெஷின் நின்றது.

"பொட்டு நல்லாருக்கு மேடம்" என்றாள்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். என்னால் ஒரு கடைக்குப் போய் அந்தப் பக்கம் சேர்ந்துவிட முடிந்தது. அவளுக்கு அந்தக் கடை கிடையாது. இருவருக்கும் அது தெரிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குப் போய் உரித்துப் போட்டேன். அது இருந்த இடத்தில் தோல் வட்டமாகச் சிவந்திருந்தது. நான்கு நாள் அரித்தது. வேண்டியதுதான்.

அம்மனுக்குக் கேட் பாஸ்

இந்த இடத்தில் ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவரை நீங்கள் தப்பாக எடைபோடுவீர்கள்.

எங்கள் தொழிற்சாலை நின்ற இடம் முன்பு நெல் வயல். அதில் ஒரு மூலை ஏகாம்பரத்தின் சித்தப்பாவுடையது. வயலோரம் வேப்ப மரத்தடியில் ஒரு கல் இருந்தது, எல்லையம்மன். கம்பெனி அதை இடிக்கவில்லை. சுற்றி டைல்ஸ் போட்டு, சின்னக் கூரை போட்டுக் கொடுத்தது. ஆனால் காம்பவுண்டுச் சுவர் அம்மனுக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. அம்மன் உள்ளே, ஊர் வெளியே.

ஊர்க்காரர்கள் கும்பிட வந்தால் வருகையாளர் பாஸ் வாங்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான். 'யாரைப் பார்க்க' என்று ஒரு கட்டம். செக்யூரிட்டி அதில் 'அம்மன்' என்று எழுதினார். தலைக்கு ஹெல்மெட் மாட்டி, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு ஏகாம்பரத்தின் வீட்டுப் பெண்கள் பொங்கல் பானையோடு வந்தார்கள். உள்ளே ஃபோம் எரியும் பொருள் என்பதால் தீப்பெட்டிக்குத் தடை. கற்பூரம் இருந்தது, ஏற்ற முடியாது. பானையைத் திருப்பி எடுத்துப் போனார்கள்.

ஏகாம்பரம் அன்றைக்கு என் மேசைக்கு வந்து, "மேடம், எங்க அம்மன் இன்னா உங்க கம்பெனி ஸ்டாஃபா?" என்று கேட்டார். நான் பாதுகாப்பு விதியை வாசித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடப் பையன்போல முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார். ஆடி மாதத் திருவிழாவுக்கு லீவு கேட்டு வருஷா வருஷம் கூட்டத்தில் பேசுவார். வருஷா வருஷம் நாங்கள் மறுப்போம்.

ஷமீமாவின் கேள்வி

இரண்டாவது கூட்டம். மேனேஜர் மிகத் தெளிவாக வந்திருந்தார். "வாக்கெடுப்பு வச்சிடலாம். மொத்தத் தொழிலாளர்களும் சீட்டுல எழுதிப் போடட்டும். அதிகம் வர்ற அஞ்சு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஜனநாயகம்."

எனக்கே அது சரியாகத்தான் பட்டது. ஏகாம்பரம் தலையாட்டினார். ஜெபராணி விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், தையல் லைன் முழுக்கப் போட்டாலும் தேறுமா என்று.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார் ஷமீமா. இரண்டு கூட்டத்திலும் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"கேளுங்கம்மா."

"இந்தக் கம்பெனியில நாங்க ஏழு பேரு சார். ஜெபராணிக்காச்சும் ஒரு லைன் இருக்கு. ஓட்டுப் போட்டு நாங்க எந்தக் காலத்துல ஜெயிக்கிறது?"

மேனேஜர் சிரித்து மழுப்பப் பார்த்தார். ஷமீமா விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நான் லீவு கேட்டு வரல சார். நோம்புப் பெருநாளைக்கு எட்டு வருஷமா சி.எல். போட்டுத்தான் போறேன். ஒரு வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல்னு சி.எல். தீந்துபோச்சு. பெருநாளன்னிக்கு இங்க உக்காந்து கார் சீட்டு செக் பண்ணுனேன். அதுக்கும் நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ஓட்டு வச்சு, தோத்து, அப்புறம் இது நீங்களும் சேந்து போட்ட சட்டம்தானேன்னு என்கிட்ட சொல்லக் கூடாது. அதுக்குப் பழையபடியே இருக்கட்டும்."

மேனேஜர் மார்க்கரின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

ஏகாம்பரம் எழுந்தார். சண்டைக்குத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். அவர் ஷமீமாவைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பேசினார்.

"மேடம், தமிழ் வருஷப் பொறப்புக்கு நாம வூட்ல இன்னா பண்றோம்? டிவி பாத்துக்கினு படுத்துக் கெடக்கறோம். அத்த அழிங்க. அந்த அஞ்சாவது நாள அவங்கவங்க கையில குடுங்க. இந்தம்மாவுக்கு ரம்ஜான், ஜெபராணிக்குக் கிறிஸ்துமஸு. எனக்கு ஆடி. எங்க அம்மன நான் பாக்கறதுக்கு நாலு பேரு கையத் தூக்கணுமா? கேட் பாஸே போதும்பா சாமி."

"தமிழ் வருஷப் பொறப்ப எடுத்தா உங்க ஊர்லயே உங்கள ஏசுவாங்களே அண்ணாச்சி" என்றாள் ஜெபராணி.

"ஏசட்டும். மேடத்த ஏசுனாங்க, செத்தா பூட்டாங்க?"

அப்படித்தான் எங்கள் பட்டியலில் ஐந்தாவது எண்ணுக்கு எதிரே 'விருப்ப விடுமுறை' என்று எழுதினோம். லைன் நின்றுவிடக் கூடாது என்று மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தார். ஒரு நாளில் ஒரு லைனிலிருந்து ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது, முதலில் கேட்டவருக்கே முதலில். எல்லோருக்கும் ஒரே விதி. எவ்வளவு அழகான வாசகம்! நானே டைப் அடித்தேன்.

எல்லோருக்கும் ஒரே விதி

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தது. ஞாயிறோடு சேர்த்தால் இரண்டு நாள். காலண்டரை முதலில் பார்த்தவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் அல்ல.

அன்று காலை கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு லைனுக்குப் போனேன். வேலையில் இருப்பவர்களுக்குக் கேக் கொடுப்பது கம்பெனி வழக்கம். மூன்றாவது மெஷினில் ஜெபராணி உட்கார்ந்திருந்தாள். புதுச் சுடிதாருக்கு மேலே யூனிஃபார்ம் கோட்டு. தலையில் வாடிய பூ. விடியற்காலை ஆராதனைக்குப் போய்விட்டு அப்படியே ஷிஃப்டுக்கு வந்திருந்தாள்.

"நீ ஏன் இங்க இருக்க?"

"நவம்பர்லதான் எழுதிக் குடுத்தேன் மேடம். அஞ்சு பேரு ஆச்சுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

சூப்பர்வைசரின் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தேன். ஐந்து பெயர்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருவன் ஏலகிரி, இருவர் புதுச்சேரி. ஒரு பெண் தங்கைக்குச் சீமந்தம் என்று ஊருக்கு. ஐந்தாவது ஆள் எதற்கு எடுத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை, வீட்டில் தூங்குகிறான் என்றார்கள். ஒருவர்கூட விதியை மீறவில்லை.

ஏகாம்பரத்துக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. ஃபோம் பிரிவிலிருந்து கையுறையோடு ஓடி வந்தார். ஐந்தில் மூன்று பேர் அவர் ஊர்ப் பையன்கள். "வரட்டும் அவனுங்க. இதுக்கா மேடம் நான் வருஷப் பொறப்ப அழிக்கச் சொன்னேன்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். என்னைப் பார்த்துக் கத்தியது சரிதான்.

"எழுந்திரு" என்றேன் ஜெபராணியிடம். "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கிறேன். மேனேஜர்கிட்டயும் நான் பேசிக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"வேண்டாம் மேடம்."

"ஏன்? இன்னிக்கு உன் பண்டிகை. போ."

"இன்னைக்கு நீங்க அனுப்புனா அது உங்க நல்ல மனசு. அடுத்த வருசம் வேற மேடம் வருவாங்க, அவங்களுக்கு மனசு எப்படி இருக்கும்னு நான் எங்க போய்ப் பாக்க? எனக்கு நல்ல மனசு வேண்டாம். ரூலத் திருத்துங்க." நூல் அறுந்திருந்தது. ஊசியில் கோத்துக்கொண்டே சொன்னாள், "கேக்க வச்சிட்டுப் போங்க. பசிக்கி."

கேக்கை வைத்துவிட்டு மேலே போனேன். புது வருஷத்துக்கு ஆறேழு நாள்தான் இருந்தது, அடுத்த பட்டியல் இன்னும் ஆய்வாளருக்குப் போகவில்லை. அன்று பகலே மூன்று பேரையும் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டேன். பக்கெட் அங்கேயேதான் இருந்தது. பண்டிகை எவருடையதோ அவருக்கு முதல் இடம், அவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருந்தால் வேறு லைனிலிருந்து ஆள் போடுவது, மிச்சம் இருந்தால் மற்றவருக்கு என்று எழுதினோம்.

மேனேஜர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தர் பண்டிகை அவரோடதுதான்னு எப்படித் தெரியும்? சர்ச்லேர்ந்து கடிதமா? ஜமாத்லேர்ந்தா? ஏகாம்பரத்துக்கு யார் தருவாங்க, அம்மனா?"

"அவங்க சொன்னா போதும் சார்."

"பொய் சொன்னா?"

"சொல்லட்டும். கடிதம் கேக்க ஆரம்பிச்சா, யாரோட சாமி எதுன்னு தீர்ப்புச் சொல்ற வேலை என் மேசைக்கு வரும். அது எனக்கு வேண்டாம்."

"சட்டத்துல ஓட்டையை நாமளே வச்சுக் கொடுக்கறோம், அமுதா" என்றார். ஏகாம்பரம் முதலில் கையெழுத்துப் போட்டார். ஷமீமா இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டார். ஜெபராணி படிக்காமலே போட்டாள். கடைசியில் மேனேஜரும் போட்டார், மெஷின் ஓடினால் சரி என்று.

ஓட்டை இருக்கத்தான் செய்தது. அந்த வருஷம் என்னிடம் இரண்டு பேர் பொய் சொன்னார்கள். ஒருவன் பெரிய திருநீறோடு வந்து நின்று ரம்ஜானுக்கு விடுப்புக் கேட்டான். கண்ணைப் பார்த்துக் கேட்டான். அவன் நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் வந்தது. தையல் லைனில் மூன்றாவது மெஷினில் வேறொரு லைன் பெண் உட்கார்ந்திருந்தாள். ஜெபராணி எங்கே என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"இன்னிக்குக் கிறிஸ்துமஸ் மேடம்" என்றாள் அந்தப் பெண், தெரியாதா என்பதுபோல.